சுந்தரபாண்டியின் வலது முழங்கால்

1

இந்தக் கதை ஒரு மொட்டைக் கடுதாசியாகத்தான் தொடங்கியது. ஒளிப்பானேன், பொறாமையில் எழுதியது. 'செயலாளர் அவர்களுக்கு, தங்கள் ஹாக்கி கிளப் ஐந்து வருட ஒப்பந்தம் தரப்போகும் சுந்தரபாண்டிக்கு வயது முப்பத்தெட்டு. அவருடைய வலது முழங்கால்' என்பது வரை எழுதினேன். அடுத்த வரியில் கோவில்பட்டி வெயில் வந்துவிட்டது. அதற்கடுத்த வரியில் ஓர் உவமை. உவமை போட்டு மொட்டைக் கடுதாசி எழுதுகிறவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான், உடனே பிடிபடுவேன். கிழித்துவிட்டுக் கதையாக எழுத உட்கார்ந்தேன்.

2

[முதல் தொடக்கம்: 'சுந்தரபாண்டி மகத்தான ஆட்டக்காரன்.' அடித்துவிட்டேன். கை கூசியது.]

[இரண்டாம் தொடக்கம்: 'சுந்தரபாண்டி சுமாரான ஆட்டக்காரன்.' பொய். இதையும் அடித்துவிட்டேன்.]

நாங்கள் ஒரே அணி. நடுவில் நின்று பந்தைப் பிடுங்கி அவனுக்குத் தள்ளியவன் நான். கோல் போட்டுப் பேர் வாங்கியவன் அவன். இருபத்தைந்தில் நான் விளாத்திகுளத்தில் கிளார்க் வேலைக்குப் போய்விட்டேன். அவன் ஆடிக்கொண்டே இருந்தான். இப்போது மாதம் எழுபதாயிரம், கூடவே வீடு. ஐந்து வருடத்துக்கு! நான் மூன்று புத்தகம் எழுதியிருக்கிறேன். நாலாவதற்கு எந்தப் பதிப்பாளரும் வாயே திறக்கவில்லை.

(குறிப்பு: ஓய்கிற வயதில் ஒருவனுக்கு ஏன் இத்தனை வருடம்? கிளப்பை நடத்தும் தீப்பெட்டி ஆலை முதலாளி வன்னியபெருமாள், தாம் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு சாயங்காலம் இவன் போட்ட கோலை வேலியோரம் நின்று பார்த்தாராம். அந்தச் சாயங்காலத்துக்குத்தான் அவர் விலை பேசுகிறார். எனக்கு எரிகிறது. அந்தப் பந்தைத் தள்ளியவன் நான்.)

3

நேற்று அவனே வீட்டுக்கு வந்தான், ஒரு தாளை நீட்டிக்கொண்டு.

"ஏலே, கிளப்புல உடம்பு நல்லாருக்குன்னு உறுதிமொழி கேக்காவ. பழைய காயத்தப் பத்தியும் எழுதணுமாம். நீ எழுதித் தந்துரு. நான் கையெழுத்துப் போட்டுருதேன்."

"வாசிக்க வேண்டாமா?"

"நீ எழுதினத நான் எதுக்குலே வாசிக்கணும்?"

போன தை மாதம் கழுகுமலைப் படிகளில் என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினான். டாக்டர் இனி ஓடக் கூடாது என்றதாக அன்றுதான் சொன்னான். வேறு யாருக்கும் தெரியாது.

"கால் என்னாகும்லே?" என்றேன்.

"தெரியல. எனக்கு வேற என்ன வேல தெரியும், சொல்லு. ரேஷன் கடையில நின்னா அங்கனயும் நான் போட்ட கோலப் பத்திதான் கேக்கான்."

அவன் போனதும் என் மனைவி ரேணுகாதேவி கேட்டாள்: "அவியளுக்குக் கெடச்சா ஒங்களுக்கு ஏன் வயிறு எரியுது?"

[இங்கே நான் சொன்ன பதிலை எழுதியிருந்தேன். மரியாதையாக இல்லை. எடுத்துவிட்டேன்.]

4

முடிவு ஒன்று: காயம் இல்லை என்று எழுதுகிறேன். இரண்டாம் ஆட்டத்தில் அவன் விழுகிறான். மறைத்தால் ஒப்பந்தம் ரத்து என்று தாளில் இருக்கிறது. காலும் போய், கிளப்பும் போய்

முடிவு இரண்டு: உண்டு என்று எழுதுகிறேன். வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறான். செயலாளர் வாசிக்கிறார். அவன் திரும்பி என்னைப்

முடிக்க முடியவில்லை. உண்டு என்பதுதான் உண்மை. என் பொறாமையும் அதே சொல்லைத்தான் கேட்கிறது. எதற்காக எழுதினேன் என்று நாளைக்கு என்னையே நான் கேட்டால், உண்மைக்காகத்தான் என்று சொல்லிவிடுவேன். நம்பவும் செய்வேன். அதுதான் பயமாக இருக்கிறது.

வாசலில் வண்டி வந்து நிற்கிறது.

"ஏலே, எழுதிட்டியா? பத்து மணிக்கு அங்கன நிக்கணும்."

ஒரு சொல்தான் பாக்கி. உங்களுக்கு அவன்மேல் எந்தப் பொறாமையும் கிடையாது. நீங்கள் எழுதுங்கள்.

'என் வலது முழங்காலில் காயம்