எங்களைப் போல ஆடாதீர்கள்

கொரியாக்காரர் மூன்று பேர் ஒரே ஒரு வரி எழுதிப்போட, ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு வீட்டுப் பேஸ்மென்றின் நிம்மதி போய்விட்டது.

'மாரு' என்பது அந்த மூவரின் குழு. பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, ஆட்டம் அமைப்பது, உடுப்புக்குத் துணி தெரிவுசெய்வது வரை எல்லாம் அவர்களேதான். வெளியாள் ஒருவரையும் கிட்ட எடுக்கமாட்டார்கள். அதுதான் அவர்களுடைய பெருமை. அவர்களின் ஆட்டத்தை விரல் நுனி பிசகாமல் அப்படியே ஆடிக் காட்டுவது அந்தப் பேஸ்மென்றில் பழகுகிற நிலாணியின் குழுவுக்குப் பெருமை. இதில் ஏதோ இடிக்கிறதே என்று இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்படி ஆடுகிற குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. மூலக் குழுவின் ஆட்களை ஆளுக்கு ஒருவராகப் பிரித்துக்கொள்வார்கள். நிலாணி, தலைவன் ஜேஹா. அவன் மேடையில் கண்ணைச் சுருக்கினால் இவளும் சுருக்குவாள். கீதன், வாய் திறக்காத தோவொன். பிறம்ரனில் வேலை செய்கிற வெயர்ஹவுசில் ஓயாமல் அலட்டுகிறவன், பயிற்சிக்கு வந்தால் ஊமை. இரண்டு பிள்ளைகளைப் பெற்ற அன்ரனெற்தான் கடைக்குட்டி சிஹூ. எதற்கெடுத்தாலும் கன்னத்தில் விரலை வைத்துச் சிரிப்பாள். பயிற்சி நடப்பது அவளுடைய பேஸ்மென்றில் என்பதால் அதை யாரும் குறை சொல்ல முடியாது.

இப்போது மாரு ரொறன்ரோவுக்கு வருகிறது. நிகழ்ச்சியைத் தொடக்கிவைக்க உள்ளூர்க் குழு ஒன்று வேண்டுமாம். இன்னும் வெளிவராத பாட்டில் ஒரு துண்டை இணையத்தில் போட்டு, கீழே அந்த வரியையும் எழுதியிருந்தார்கள்: 'எங்களைப் போல ஆடாதீர்கள். உங்களைப் போல ஆடி அனுப்புங்கள்.' ஞாயிறு மாலைக்குள் அனுப்பவேண்டும்.

நிலாணிக்கு அந்த மேடை வேண்டும்தான். ஆனால் அதைவிட அரிக்கிற விஷயம் வேறொன்று இருந்தது. அவர்களுடைய வீடியோக்களின் கீழே எல்லாரும் 'அப்படியே ஜேஹா' என்று எழுதுவார்கள். முதலில் இனித்தது. இப்போது யாரோ தன் பெயரை அழித்து எழுதுவதுபோல இருக்கிறது. தன்னிடம் சொந்தமாக ஏதாவது இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவேண்டும். ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

சனிக்கிழமை மூவரும் கூடினார்கள்.

“சரி, ஆளுக்கு ஒரு ஸ்டெப் சொல்லுங்கோ,” என்றாள் நிலாணி.

கீதன் தோவொனைப் போலச் சுவரில் சாய்ந்து நிலத்தைப் பார்த்தான்.

“கீதன், வாயைத் திற.”

“தோவொன் உப்பிடியான நேரத்தில கதைக்க மாட்டான், அக்கா.”

“தோவொன் இங்க இல்லை. நீ என்ன நினைக்கிறாய்?”

அவன் யோசித்தான். நன்றாகவே யோசித்தான். “ஜேஹா என்ன செய்வானோ அதைச் செய்வம்.”

“கொப்பி பண்ண வேண்டாம் எண்டு அவையளே சொல்லிப்போட்டினம் எல்லே!”

“அதுதான் நானும் பாக்கிறன்,” என்றாள் அன்ரனெற், கன்னத்தில் விரலை வைத்தபடி. “கொப்பி பண்ணாமல் எப்பிடி ஆடுறது எண்டு அவையள் ஒரு வீடியோ போட்டிருக்கலாம்.”

நிலாணிக்குப் பத்திக்கொண்டு வந்தது. “நானே செய்து அனுப்புறன். நாளைக்குப் பழகிக்கொண்டு நில்லுங்கோ,” என்று ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

வீட்டுக்கு வந்து போனைக் கதிரையில் சாத்திவைத்து ஆடினாள். பிடிக்கவில்லை. அழித்தாள். திரும்ப ஆடினாள். அதையும் அழித்தாள். கடைசியில் ஆடியதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் அதுவும் போய்விடும் என்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டு இருவருக்கும் அனுப்பிவிட்டாள். நடுவில் போன் நிலத்துக்குச் சரிந்து, அங்கிருந்தும் தன்னையே படம்பிடித்துக்கொண்டு கிடந்ததும், தான் ஆட்டத்தை நிறுத்தியதும் அவளுக்கு நினைவிருந்தது. அந்த இடத்தை விட்டுவிடுவார்கள்தானே, அதையும் சொல்லவேண்டுமா என்று நினைத்தாள்.

சொல்லியிருக்கவேண்டும்.

ஞாயிறு மத்தியானம் கீதனும் அன்ரனெற்றும் அவளுக்கு முன்னால் ஆடிக் காட்டினார்கள். தொடக்கம் அழகாக இருந்தது. திடீரென்று இருவரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். தோள்களைக் காதுவரை தூக்கினார்கள். மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டார்கள். முகத்தில் விழாத தலைமயிரை ஒதுக்கினார்கள், கீதன் மொட்டை. பிறகு தொடையில் படாரென்று ஓர் அடி அடித்து, நிலத்தை நோக்கி விரலை நீட்டி யாரையோ ஏசிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மீதியை ஆடத் தொடங்கினார்கள்.

“நிப்பாட்டுங்கோ! உது என்ன?”

“நீங்கள் அனுப்பினதுதான், அக்கா,” என்றான் கீதன். “உந்தப் பெருமூச்சுதான் சரியான கஷ்டம்.”

“அது ஸ்டெப் இல்லையடா! போன் விழுந்தது! எனக்கு விசர் வந்தது!”

“எங்களுக்கு எப்பிடித் தெரியும், நிலாணி?” என்றாள் அன்ரனெற். “எல்லாம் தாளத்துக்குச் சரியா விழுந்ததே.”

தாளமாவது மண்ணாங்கட்டியாவது என்று காட்டுவதற்காகவே, “திரும்ப ஆடுங்கோ பாப்பம்,” என்றாள் நிலாணி.

விழுந்தது. தோள், மூச்சு, அடி, விரல் எல்லாம் பிசகாமல் தாளத்தில் விழுந்தன. ஐந்து வருடமாகப் பாட்டோடு புழங்கிய உடம்பு, கோபத்திலும் எண்ணிக்கையை விடவில்லைபோலும். அதற்கு முன்னால் இருந்த சுழற்சி ஜேஹாவினது. பின்னால் வந்த கைவீச்சும் ஜேஹாவினது. நடுவிலிருந்த அந்த எரிச்சல் மட்டும் வேறு யாருடையதும் அல்ல. ஜேஹா ஒருநாளும் எரிச்சல் காட்டியதில்லை. நிலாணிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோசமாக இருந்தது.

“மற்றதெல்லாத்தையும் தூக்கி எறிவம்,” என்றாள். “உதிலயிருந்து தொடங்குவம். நான் நடுவில.”

பாட்டுப் போட்டார்கள். இடம் வந்ததும் நிலாணி பெருமூச்சு விட்டாள்.

கீதன் தலையை ஆட்டினான். “இல்லை அக்கா. உது ஜேஹா.”

திரும்ப விட்டாள்.

“இப்பவும் ஜேஹாதான். தோளைக் காணேல்லை. முதல்ல தோள் மேல போகோணும், பிறகுதான் மூச்சு. வாயால இல்லை, மூக்கால.”

தன் பெருமூச்சு தனக்கே வரவில்லை. அவள் முயன்றாள், இன்னும் முயன்றாள். வாய் திறக்காத கீதன் இப்போது வாயை மூடுவதாக இல்லை. “தலை கொஞ்சம் இடப்பக்கம், அக்கா. கண்ணைச் சுருக்காதேங்கோ, அது ஜேஹா. விசர் வந்தால் நீங்கள் கண்ணைச் சுருக்கிறதில்லை. அடிக்கு முதல் சின்ன இடைவெளி விடுவீங்கள். நீங்கள் எப்பவும்…”

நிலாணியின் தோள்கள் காதுவரை எழுந்தன. மூக்கால் மூச்சு வெடித்தது. “கோதாரி விழுவான், வாயைப் பொத்தடா!” என்று தொடையில் அடித்து விரலை நீட்டினாள்.

“அதுதான்!” கீதன் துள்ளினான். “அக்கா, அதேதான்!”

அன்ரனெற் சிரிக்க மறந்து நின்றாள். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிலாணி நீட்டிய விரலை ஒருதரம் பார்த்தாள்.

“அன்ரனெற் அக்கா, போனை எடுங்கோ,” என்றாள். “கீதன், எனக்கு இன்னொருக்கா விசர் வரப் பண்ணு.”