உச்சியில் நின்ற அறிவித்தல்

தாழ்வுபாட்டுக் கோயில் பங்குக்கு ஓர் இணையத்தளம் வேண்டும் என்ற ஆசை முதலில் வந்தது லண்டன்காரருக்குத்தான். ஊரில் இருந்த காலத்தில் கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்களுக்கு, அங்கே போய்க் குளிரில் குந்தியதும் கொடியேற்றம் எப்போது, சொரூபப் பவனி எப்போது என்று அறிய ஒரே துடிப்பு. பங்குத்தந்தை, மன்னார் ரவுணில் கணினிக் கடையில் வேலை செய்யும் ஜெயந்தினியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் மறுக்கவில்லை. அவளுடைய கணவன் நிரோஷன் தொழிலுக்குப் போய்க் கடலிலிருந்து திரும்பாமல் அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்திருந்தாள்.

தளத்தில் அவள் அதிகம் மினக்கெட்டது பதிவுகளின் பட்டியல் பக்கத்தோடுதான். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கட்டம். அதற்குள் படம், தலைப்பு, திகதி, இரண்டு வரி. புதியது மேலே, பழையது கீழே. படங்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாய்க் கண்டபடி நிற்க, எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டினாள். பூசை நேரம், திருவிழா, மரண அறிவித்தல் என்று பிரிவுகள் வகுத்தாள். வயதானவர்கள் போனில் வாசிக்க எழுத்தைப் பெருப்பித்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு, ‘காணவில்லை’ என்று ஒரு பதிவு எழுதி, கலியாணத்தன்று எடுத்த நிரோஷனின் படத்தைப் போட்டாள். எத்தனை புதுப் பதிவு வந்தாலும் கீழே இறங்காதபடி அதைப் பட்டியலின் உச்சியில் நிறுத்தினாள். தொடர்புக்கு மாமி அருளம்மாவின் நம்பர். நிரோஷனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் தாயுடையது ஒன்றுதான்; வருகிற செய்தி எல்லாம் அதற்கே வரட்டும் என்று நினைத்தாள். இந்தியப் பக்கம் அக்கரைக்கு இழுபட்டுப் போய்ப் பிடிபட்டவர்கள், மாதக்கணக்கில் கழித்து யாருடையதோ போனை வாங்கி வீட்டுக்குக் கோல் எடுத்த கதைகள் ஊரில் உண்டு. படகு மட்டும் வெறுமனே கரை ஒதுங்கிய கதைகளும் உண்டு. நிரோஷனின் படகு அப்படித்தான் வந்தது. வேறு படகு அவரைத் தூக்கியிருக்கலாம்தானே என்று ஜெயந்தினி எல்லோரோடும் மல்லுக்கு நின்றாள்.

மாதங்கள் போகப் போக, படத்துக்குக் கீழே இருந்த திகதி அவளை முறைக்கத் தொடங்கியது. பழைய திகதியைப் பார்த்துவிட்டு யார் தேடப்போகிறார்கள்? பட்டியல் பக்கத்தின் அமைப்புக்குள் போய், திகதியைக் காட்டாதே என்று மாற்றினாள். எல்லாப் பதிவிலும் திகதி போய்விட்டது. நவநாள் முடிந்துவிட்டதா, இனித்தானா என்று தெரியாமல் சனம் ஏசிய ஏச்சுக் கொஞ்சமல்ல. கடைசியில் அந்த ஒரு பதிவுக்கு மட்டும் திகதியை மறைக்கும் வழியைத் தேடிப் பிடித்தாள். இனி நிரோஷன் என்றைக்கும் நேற்றுக் காணாமல் போனவன்.

திருவிழா நெருங்கிய நேரம், கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பர் மரியதாஸ் கடைக்கு வந்தார்.

“பிள்ளை, கொடியேற்ற அறிவித்தலை மேல போடன். திருவிழா முடியுமட்டும்தான்.”

“ரெண்டாவதா நிண்டால் உங்கட ஆக்களுக்குக் கண் தெரியாதோ, மூப்பர்?”

“அதில்லைப் பிள்ளை...” என்று இழுத்தவர், படத்தைப் பார்த்துவிட்டு, “நல்ல பொடியன்” என்றார். இருந்து போய்விட்டவனைப் பற்றிப் பேசும் குரல் அது. ஜெயந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏலாது என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினாள்.

அடுத்த நாள் காலை மாமி வந்து நின்றாள். கருவாடு காயப்போடுகிற வேலையை விட்டு ரவுணுக்கு வருகிற ஆள் அல்ல அருளம்மா. கையில் உப்பு அப்படியே காய்ந்திருந்தது. கழுத்தில், சொப்பிங் பையில் சுற்றிக் கயிற்றில் கட்டிய போன் தொங்கியது.

“பிள்ளை, அந்த அறிவித்தலில ஒரு அலுவல். அதை எடுத்துவிடு.”

மூப்பர் வேலையைக் காட்டிவிட்டார் என்று ஜெயந்தினி நினைத்தாள். “நீங்களுமோ மாமி? பெத்த நீங்களே அவரைக் கைவிட்டிட்டியளோ?” என்று கத்திவிட்டாள். போட்டோக் கொப்பி எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“விசர்க் கதை கதையாதை. படம் கிடக்கட்டும். என்ர நம்பரை எடு” என்றாள் அருளம்மா. “விடிஞ்சாப் பொழுதுபட்டால் கோல். லண்டனாம், கனடாவாம். எப்ப போனவர், என்ன உடுப்பு எண்டு கேக்கினம். நேற்றுத்தான் போனவன் எண்டு நினைக்கினம் போல. ஒவ்வொருக்காலும் அவன்தான் எண்டு விழுந்தடிச்சு ஓடி எடுக்கிறன். எடுத்தால் அழுகினம். வையுங்கோ எண்டு சொல்லவும் மனம் வராது. நேற்று ஒரு மனிசி முழுச் செபமாலையும் சொல்லித்தான் வைச்சவள்.”

“எனக்குத் தெரியாது மாமி. நீங்கள் சொல்லேல்லையே...”

“அந்த நேரம் பாத்து அவன் எடுத்திருந்தால்? லைன் பிஸி எண்டிருக்கும். ஆரின்ரயோ போனை இரந்து வாங்கி எடுக்கிற பிள்ளையைத் திரும்ப ஒருக்கா எடுக்க விடுவாங்களோ?”

ஜெயந்தினி திரையில் நின்ற அந்த நம்பரைப் பார்த்தாள்.

எழுத்தின் அளவை யோசித்தவள் அவள். படத்தின் அளவை, வரிசையை, திகதியை யோசித்தவள். அவன் எடுக்கும் நேரத்தில் அந்த லைன் பிஸியாக இருந்துவிடுமே என்று மட்டும் ஒரு நாளும் யோசித்ததில்லை. அவன் எடுப்பான் என்று நம்புகிறவளுக்குத்தான் அந்தப் பயம் வரும். மாமிக்கு வந்திருந்தது. ஊரோடு சண்டை பிடித்துக்கொண்டு திரிந்த அவளுக்கு வரவில்லை. எப்போதோ ஒரு நாள், தனக்கே தெரியாமல், அவள் நிரோஷனைக் கைவிட்டிருந்தாள்.

“ஓம் மாமி, எடுக்கிறன்” என்றாள். மாமியின் நம்பரை அழித்துவிட்டுத் தன் நம்பரை அடித்தாள். மறைத்த திகதியையும் திரும்பக் காட்டவிட்டாள். படத்தில் கைவைக்கவில்லை, அது மாமிக்காக அங்கேயே நிற்கட்டும். அருளம்மா திரையில் மகனை ஒருதரம் பார்த்தாள். பிறகு போனைப் பையோடு சட்டைக்குள் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் ஜெயந்தினி கதிரையில் இருந்தபடியே வாய்விட்டு அழுதாள். வரிசையில் நின்ற ஒரு பெண் ஓடிவந்து தோளைப் பிடித்து, “என்ன தங்கச்சி, என்ன நடந்தது?” என்று கேட்டாள்.

“என்ர மனிசன் செத்துப்போனார், அக்கா” என்றாள் ஜெயந்தினி.

“ஐயோ, எப்ப?” என்று அந்தப் பெண் பதறினாள். ஜெயந்தினி அழுதபடியே திரையில் திரும்ப வந்திருந்த திகதியைப் பார்த்தாள்.