வாள்வீரனுக்கென்று ஓர் அறை

ஞாயிறு மதியம் மட்டும்தான் தம்பி தன் அறையை விட்டு வெளியே வருவான். மனைவி விட்டுப் போனதிலிருந்து சாப்பாடுகூட உள்ளேதான். சாப்பாட்டு மேசையில் அக்கா கதை சொல்லி நடத்தும் அந்த விளையாட்டுக்கு, பகடை உருட்டி வாயாலேயே சண்டை போடும் விளையாட்டுக்கு, குளித்து, சட்டை மாற்றி வந்து உட்காருவான். அவன் அதற்கும் வராமல் போனால் அவனை வெளியே இழுக்க அவளுக்கு வேறு வழி கிடையாது.

தம்பி வாள்வீரன். அவள் கணவரும் எதிர்வீட்டுப் பல் டாக்டரும் மந்திரவாதிகள். ஆட்டம் முன்னேற முன்னேற மந்திரவாதிகள் பறந்தார்கள், சுவரைக் கரைத்தார்கள், ஒரே சொல்லில் ஒரு படையைத் தூங்க வைத்தார்கள். தம்பி அன்றைக்கும் வெட்டினான், இன்றைக்கும் வெட்டினான். கொஞ்சம் பலமாக வெட்டினான், அவ்வளவுதான். டாக்டருக்கு வாய் சும்மா இருக்காது. வீரர் மூட்டை தூக்க வருகிறாரா என்று கேட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

தம்பி இதற்கும் வராமல் போய்விடுவானோ என்று அவள் பயந்தாள். ஆனால் ஆட்டத்தின் விதியை மாற்றி எழுதப் பொறுமை இல்லை. அடுத்த வாரம் குறுக்கு வழியில் போனாள். மந்திரம் பலிக்காத ஓர் அறை, அதற்குள் ஒரு பூதம். மந்திரவாதிகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, தம்பி தனியாளாக வெட்டிச் சாய்த்தான். கணவர் அளவுக்கு மீறிக் கைதட்டினார்.

"எனக்காகத்தானே இந்த ரூம்?" என்றான் தம்பி.

அவள் இல்லையென்று தலையாட்டினாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"அவங்க கையைக் கட்டிப்போட்டுத்தான் நான் ஜெயிக்கணும்னா, நான் எதுக்குக்கா இங்க? வீட்லயும் எல்லாரும் எங்கிட்ட இப்படித்தான் பார்த்துப் பார்த்துப் பேசுறீங்க."

எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அந்த வாரம்தான் அவள் உட்கார்ந்து செய்ய வேண்டியதைச் செய்தாள். இனி மந்திரம் சொல்லி முடிக்க நேரம் பிடிக்கும். அதுவரை எதிரியை மறித்து நிற்க ஒரு வாள் வேண்டும். யார் கையையும் கட்டாத விதி. முதலிலேயே எழுதித் தொலைத்திருக்கலாம், பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஞாயிறன்று தம்பி வரவில்லை. நீங்க ஆடுங்க என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டான். மறிக்க ஆளில்லாமல் மந்திரவாதிகள் இருவரும் முதல் சண்டையிலேயே செத்தார்கள். டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. அவன் இருந்திருந்தால் பிழைத்திருப்போம் என்றார், மனதாரத்தான் சொன்னார்.

அவள் ஓடிப்போய்க் கதவுக்கு வெளியே நின்று அதை அப்படியே சொன்னாள்.

"சும்மா சொல்லாதக்கா" என்றான் தம்பி.