பொண்ணு வீட்டு ஸ்கிரீன்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிற கடை எங்களுடையது. எங்களுடையது என்று சொல்லிப் பழகிவிட்டது. கூட்டாளி இருசப்பன் ஆடி மாதம் வெள்ளிமலைக்குப் போனவன்தான், இந்தத் தை வரைக்கும் நான் ஒண்டி. அப்பாவுக்கு முடியவில்லை, சாமைக் காட்டைப் பார்க்க ஆளில்லை என்றான். அதுவும் ஆவணி முகூர்த்தம் நெருங்குகிற நேரத்தில்! கோபத்தில் நான் போன் செய்யவில்லை. அவனும் செய்யவில்லை. ஆனால் அவன் இல்லாத கடை கடையாகவே இல்லை.

ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு மானிட்டர் வைத்தது அவன் யோசனை. இரண்டு வீட்டாரும் ஒரே ஸ்கிரீனைப் பார்த்தால், "ஒங்க சித்தப்பா ஜாஸ்தி, எங்க மாமா கம்மி" என்று சண்டை வந்துவிடும். அதனால் இடது பக்கம் மாப்பிள்ளை வீடு, என்னிடம். வலது பக்கம் பொண்ணு வீடு, அவனிடம். படம் தேர்ந்தெடுக்கிற பெட்டி எப்போதும் அவன் ஸ்கிரீனில்தான் திறக்கும். பெண்ணைப் பெற்ற அம்மாக்கள் அவனிடம் சிரிப்பார்கள், அழுவார்கள். உடனே என்னை டீ வாங்க விரட்டுவான். அதெல்லாம் ஒரு காலம்!

நேற்று அவன் மானிட்டர் மண்டையைப் போட்டது. கழற்றி ஓரமாக வைத்தேன். இன்று வடக்கனந்தல் ஆண்டாள் அம்மா மகளின் கல்யாணப் படங்களைத் தேர்ந்தெடுக்க வந்து உட்கார்ந்தார். பெட்டி திறந்திருப்பதாக என் ஸ்கிரீனின் கீழ்ப்பட்டையில் காட்டுகிறது, பெட்டி மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. மூடித் திறந்தேன். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். இல்லாத மானிட்டரில் போய் உட்கார்ந்திருக்கிறது, சனியன்!

"இன்னா தம்பி, படம் வருமா வராதா? மூத்தவ ஆல்பம் போட்ட அந்தத் தம்பி இருந்தா இந்நேரம் முடிச்சிருக்கும்" என்றார்.

சுருக்கென்றது. வீம்பை விழுங்கிக்கொண்டு இருசப்பனுக்குப் போன் போட்டேன்.

"இன்னாடா, உயிரோடதான் இருக்கியா?" என்றான்.

"பொட்டி ஒன் பக்கமே தொறந்துகினு நிக்குதுடா."

சிரித்தான். "நான் போயும் அதுக்கு என் நெனப்பு போவலயா?"

"அதுக்கு மட்டுமா?" என்று வாய் தவறி வந்துவிட்டது.

அவன் காதில் விழாத மாதிரி, "கீழ அதைத் தொட்டு, ஆல்ட்டையும் ஸ்பேஸையும் சேத்து அமுக்கு. அப்புறம் எம். இப்ப இடது அம்புக்குறிய அமுக்கிக்கினே இரு" என்றான்.

அமுக்கினேன். வலது ஓரத்திலிருந்து பெட்டி மெல்ல நகர்ந்து என் ஸ்கிரீனுக்குள் வந்தது. மாலையும் கழுத்துமாக மணப்பெண்.

"தோ, எம் பொண்ணு வந்துட்டா!" ஆண்டாள் அம்மா கடை அதிரக் கத்தினார்.

"வந்துச்சாடா?" என்றான் இருசப்பன்.

"வரல" என்றேன்.

ஆண்டாள் அம்மாவின் குரல் அவனுக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

"அறுப்பு முடிஞ்சிட்டுது. அப்பாவும் எழுந்து நடக்குறாரு" என்றான். "சரி, நாளைக்கு மொத பஸ்ஸுல வந்து பாக்குறேன். அதுவரைக்கும் நீ ஒண்ணயும் தொடாத."