குமிழில் மூன்று கோடுகள்

எல்லப்பன் அண்ணன் அந்தப் பெட்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஏன் விற்கிறார் என்று தெரிந்த பிறகும் அந்தச் சந்தோஷம் முழுசாகப் போய்த் தொலையவில்லை.

பெட்டி என்றால் ஹெட்போன் ஆம்ப். இரண்டு தீப்பெட்டியை ஒட்டிவைத்த அளவு, கறுப்பு நிறம், முன்னால் ஒரு குமிழ். போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் செருகினால் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு ஞாயிற்றுக்கிழமை அலைந்து வாங்கினார். ஒரு நாள் கேண்டீனில் என் தலையில் மாட்டிவிட்டார். நாதஸ்வரக்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அன்றைக்கே எனக்கு அதன்மேல் ஒரு கண் விழுந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரே ரூமில் ஐந்து பேர் கிடக்கிறோம். என் போனில் சத்தம் போதவில்லை என்று எனக்கு ரொம்ப நாளாக எரிச்சல். பக்கத்துப் பாய்க்காரன் ஐயனாரோ, "ஏலே தளவாய், நீ காதுல மாட்டுன பாட்ட ரூமே கேக்குது பாத்துக்க" என்று கத்துவான். அவனுக்குப் பொறாமை என்று விட்டுவிடுவேன்.

அண்ணன் விற்கிற காரணம் இதுதான். இந்த ஆடியில் கம்பெனியில் நடந்த காது டெஸ்டில் அவர் தேறவில்லை. வலது காது பாதிக்கு மேல் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்து, பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அப்போது நான் ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். விட்டுப்போனவர்களுக்கு டெஸ்ட் வண்டி மறுபடி செவ்வாய்க்கிழமை வருகிறது.

நாங்கள் இரண்டு பேரும் பிரஸ் ஷாப். தகட்டை அடித்துக் கார் கதவாக்குகிற இடம். ஷிப்ட் முழுக்க இடிச்சத்தம்தான். காதில் அடைத்துக்கொள்ள இயர் பிளக் கொடுப்பார்கள். எங்கள் லைனில் அதை இடது காதில் மட்டும் வைப்போம். வலது காது பிரஸ்ஸுக்கு. தகடு கிழிந்தால் அடி விழுகிற சத்தம் மாறும்; அதைக் கேட்டு உடனே நிறுத்துகிறவன்தான் கெட்டிக்காரன் என்று எங்களுக்குள் பேச்சு. சூப்பர்வைசர் தலை தெரிந்தால் இன்னொன்றையும் செருகிக்கொள்வோம். அப்படிக் கெட்டிக்காரர்களாக இருந்தோம்.

டெஸ்ட் வண்டிக்குள் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு இருக்கும். அதில் உட்கார்ந்து, 'பீப்' கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். போன வருஷம், 2012-ல், அண்ணன் வண்டிக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"வலது பக்கம் ஒரே கொய்ங்னு கீதுடா. தூக்கி பேக்கிங்ல போட்டுட்டா இன்னா பண்றது? அங்க ஓவர்டைம்கூட கெடையாது."

டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பெரிய மேதாவி மாதிரி, "அண்ணே, கண்ணாடி வழியா டெஸ்ட் எடுக்குறவர் தோளப் பாருங்க. சத்தம் விடுறப்ப தோளு லேசா எறங்கும். எறங்குனா அமுக்கிருங்க" என்றேன். அவர் தேறினார். எனக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தார். நானும் எலும்பு வரைக்கும் சப்பித் தின்றேன்.

இந்த வருஷம் வந்தது ஒரு புதுப் பெண். லேப்டாப்பில் ஒற்றை விரலால் தட்டினாளாம். தோள் அசையவே இல்லையாம். போன வருஷமே மாட்டியிருந்தால் அண்ணனுக்குப் பாதிக் காதாவது மிஞ்சியிருக்கும். ஒரு வருஷம் முழுக்க அந்தக் காதைப் பிரஸ்ஸுக்குத் தின்னக் கொடுத்தது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வீடு இருக்கிற மண்ணூருக்கு பஸ் ஏறினேன். வாங்கினால் அவருக்கு உதவிதானே என்றது ஒரு மனசு. காதைக் கெடுத்தது போதாதென்று பெட்டியையும் கேட்கிறாயா என்றது இன்னொன்று. முதலில் மன்னிப்புக் கேட்பது, பிறகு விலை கேட்பது என்று முடிவு செய்தேன். எவ்வளவு கேவலமான வரிசை பாருங்கள்.

அண்ணன் பெட்டியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். குமிழைச் சுற்றி மூன்று சிவப்புக் கோடுகள் இருந்தன.

"எங்க வூட்டுக்காரம்மா நெயில் பாலிஷு. எவ்ளோ வச்சா எனக்கு சரியா கேக்குதோ, அங்க ஒரு கோடு போட்டுப்பேன்."

முதல் கோடு கீழே. இரண்டாவது நடுவில். மூன்றாவது, குமிழ் போய் நிற்கிற கடைசியில்.

"அதுக்கு மேல திருப்ப எடமில்ல. அப்புறம் எனக்கு இன்னாத்துக்கு இது?"

"அண்ணே, போன வருஷம் நான் அதச் சொல்லிக்குடுத்துருக்கக் கூடாது" என்றேன்.

"வுடு. நீ சொன்ன, நான் செஞ்சேன். நான் இன்னா கொழந்தையா?" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மாட்டிப் பாரு. கடைசி கோட்டுல கீது, கொறச்சிக்கோ. இல்ல, காது கிழிஞ்சிடும்."

குறைப்பதற்குள் அவர் பாட்டைப் போட்டுவிட்டார். தவில் கிளம்பியது. காது கிழியவில்லை. நன்றாக இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அளவாக இருந்தது.

எதிரே அண்ணனின் கண்கள் எனக்காகச் சுருங்கின. உடனே நானும் கண்ணைச் சுருக்கி, "அய்யய்யோ" என்று குமிழை முதல் கோட்டுக்கு இறக்கினேன். தவில் இரண்டு தெரு தள்ளிக் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டது. ரசிக்கிற மாதிரி தலையை ஆட்டினேன்.

அண்ணன் சிரித்துக்கொண்டே ஒரு பக்க ஹெட்போனை விலக்கினார். "நல்ல காதுடா ஒனக்கு. பத்திரமா வச்சிக்கோ."

அவர் முகத்தைப் பார்த்து நான் கண்ணைச் சுருக்கினது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 2011-ல் கூண்டுக்குள் உட்கார்ந்து செய்த அதே வேலை. காது நன்றாகக் கேட்கிறவன் எதற்கு டெஸ்ட் எடுக்கிறவர் தோளைப் பார்க்கப் போகிறான்? இதை நான் அவரிடம் சொன்னதில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

பொய்யை அவர் வீட்டில் வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. ஹெட்போனைச் சரியாக மாட்டிக்கொண்டு, அவர் பார்க்கும்படி குமிழை மூன்றாவது கோடு வரைக்கும் திருப்பினேன். தவில் திரும்பி வந்தது. இந்தத் தடவை கண்ணைச் சுருக்கவில்லை.

அண்ணன் என் விரலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. ஹெட்போனை அவரே என் தலையிலிருந்து கழற்றினார்.

"எப்பலேந்து?"

"உங்களுக்குச் சொல்லிக்குடுக்குறதுக்கு முன்னாடியே, அண்ணே."

பெட்டியில் வயரைச் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இத உனக்கு விக்க மாட்டேன். செவ்வாக்கெழம வண்டி வருதில்ல? நானும் வந்து வெளிய நிக்கிறேன். உள்ள போயி கண்ண மூடிக்கினு உக்காரு. கேட்டா மட்டும் அமுக்கு."

"சரிண்ணே" என்றேன்.

அவர் இடது காதை என் பக்கம் திருப்பி, "இன்னா?" என்றார்.

இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.