முதுகில் மண்

கோலாப்பூர் பக்கத்துத் திருவிழா மல்யுத்தக் கோதாவில் தோண்டிபாவின் கையை நடுவர் உயர்த்தியதும், அவன் ஊர்க்காரர்கள் தலைப்பாகைகளை மேலே வீசிக் கூத்தாடினார்கள். ஆனால் எதிராளி பாபுஷாவைச் சாய்ப்பதற்கு முன்பே தோண்டிபாவின் இரண்டு தோளும் மண்ணில் பட்டுவிட்டன; அப்படிப் பட்டாலே தோல்வி. மறுபக்கம் நின்ற நடுவர் அதைப் பார்க்கவில்லை. அண்ணன் மாருதி ஓடிவந்து, கட்டிப்பிடிக்கிற சாக்கில் தம்பியின் முதுகைத் துண்டால் துடைக்கப் போனான்.

"துடைக்காத அண்ணா."

"வாய மூடிட்டு நில்லுடா. ஒரு வருஷமா ஊரே உனக்குப் பால் குடுத்து வளத்திருக்கு."

தோண்டிபா நடுவரிடம் போய்த் திரும்பி நின்று முதுகைக் காட்டினான். "மொதல்ல விழுந்தது நான்தாங்க."

பாபுஷாவின் கை உயர்ந்தது. ஊர் திரும்பும்வரை டெம்போவில் ஒருவரும் அவனோடு பேசவில்லை.

மறுநாள் காலை, பன்னிரண்டு வீட்டுப் பாலும் வந்து நிறையும் பித்தளைக் குடம் வாசலில் காலியாகவே இருந்தது. வெயில் ஏறிய பிறகு மாருதி மட்டும் எருமையைக் கறந்து சொம்போடு வந்தான். தோண்டிபா குடத்தை நீட்டினான். மாருதி அவனைத் தாண்டிப் போய்த் தெருநாய்க்கு முன்னால் பாலை ஊற்றினான்.

"இதுக்காவது நன்றி இருக்கும்."

தோண்டிபா அந்தக் குடத்தில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டுத் தண்டால் எடுக்கப் போனான்.