பட்டியலில் இல்லாத பெயர்

1982இல் எங்கள் பல்கலைக்கழகத்தில் நரம்பியல், உளவியல், புள்ளியியல் என்று மூன்று துறைகள் சேர்ந்து வலிப்பு நோயைப் பற்றி ஆராய்ச்சி ஆரம்பித்தன. மூன்று துறைக்கும் ஒரே ஜீப். முன் சீட்டில் யார் உட்காருவது என்ற சண்டையிலேயே முதல் மாதம் போய்விட்டது. நான் புள்ளியியல் ஆள். உத்திரமேரூர் பக்கத்துக்காரன் என்பதால், வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

வலிப்பு இருப்பதை யாரும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். விழுந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். விழுந்தது பெண் என்றால் கேட்கவே வேண்டாம். நானா விடுவேன்? "இது மூளைல வர்ற கோளாறும்மா. மாத்திரை கீது. இதுல இன்னா வெக்கம்?" என்று பேசிப் பேசியே நாற்பது பேரைப் பட்டியலில் சேர்த்தேன். நரம்பியல் பேராசிரியர் பாண்டுரங்கன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

எங்கள் ஊரான பெருநகரில், என் வீட்டுப் படிவத்தில் மட்டும் 'இல்லை' என்று எழுதினேன். என் தங்கை இந்திராணிக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு. தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் அதோடு சரி. "எழுதித் தொலைக்காதடா" என்றாள் அம்மா. அம்மா மேல் பழியைப் போடுவது சுலபம், எழுதியது என் கை. பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் மாத்திரை என்பதும் எனக்குத் தெரியும். ஊருக்குத்தான் உபதேசம்.

அடுத்த மாதம் உத்திரமேரூரில் முகாம். வரிசையில் இந்திராணி நின்றிருந்தாள். தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறாள். போன வாரம் அடுப்பங்கரையில் விழுந்து சுட்டுக்கொண்ட முழங்கையைத் தாவணியால் மூடியிருந்தாள்.

பாண்டுரங்கன் பட்டியலைப் புரட்டினார். "பெருநகரா? உன் பேரு இல்லையேம்மா. உங்க வீட்டுக்கு யாரும் வந்து கேக்கலையா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"யாரும் வரல சார்."

"என்ன தணிகைவேல், அந்தத் தெருவை விட்டுட்டியா?"

"விட்டுப்போச்சு சார்" என்றேன். என் தங்கை என்று சொல்ல அப்போதும் வாய் வரவில்லை.

புதுப் படிவம் போடச் சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். இந்திராணி என் எதிரே உட்கார்ந்தாள். பெயர் கேட்டேன், சொன்னாள். வயது கேட்டேன், சொன்னாள். கடைசிக் கேள்வி, தினமும் மாத்திரையை ஞாபகப்படுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது.

"யாரும் இல்ல. நானே போட்டுக்கிறேன்" என்றாள். "எழுதிக்கங்க சார்."

எழுதிக்கொண்டேன்.